சம்பந்தி வீட்டு ஆல்பம்

நத்தம் பஸ் ஸ்டாண்டில் யாராவது உங்களைப் பிடித்து நிறுத்தி, "எந்த மாம்பழம் வாங்கலாம்?" என்று கேட்டால் கவலையே இல்லை. கல்லாமையா, செந்தூரமா என்று ஆளைப் பார்த்து ஒரு பதில் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடலாம். பழம் புளித்தால் மரத்தின் மேல் பழி.

"எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்?" என்று கேட்டால்தான் வம்பு.

என்னிடம் மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். பத்திரிகையில் எழுதுகிறவனிடம் கம்ப்யூட்டர் இருக்கும், கம்ப்யூட்டர் இருக்கிறவனுக்கு அதைப் பற்றிய சகலமும் தெரிந்திருக்கும் என்பது ஊர் நம்பிக்கை. நான் படித்ததோ பி.காம். தேய்மானம் எப்படிப் போடுவது என்று கேட்டால் ஓரளவு ஒப்பேற்றுவேன். ஆனாலும் கேட்கிறவர்களைச் சும்மா சொல்லக்கூடாது. அவர்களுக்கு நிஜமாகவே பயம் வந்திருக்கிறது. சட்டை தைக்கிற யூனிட்காரரிடம் எந்தக் கடைக்கு எத்தனை டஜன் போனது, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் டாலியில் இருக்கிறது. மாம்பழ மண்டியிலும் அதே கதைதான். வேலைக்கு அலைகிற பையனிடம் மார்க் ஷீட் ஸ்கேன், அப்பாவின் போட்டோ, பாதி எழுதின ப்ராஜெக்ட். முன்பெல்லாம் இவை பீரோவிலும், டிரங்குப் பெட்டியிலும், பரணிலும் கிடந்தன. இப்போது உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றில் கிடக்கின்றன. பெட்டி ஒரு நாள் "டக்... டக்" என்று சத்தம் போடுகிறது. ஆசாமி என்னைத் தேடி வருகிறார்.

வந்ததும் கேள்வி: "எந்த கம்பெனி ஸார் நம்பலாம்?"

எந்த கம்பெனியையும் நம்ப வேண்டாம். இதைச் சொன்னால், "என்ன ஸார், பிடி கொடுக்காமப் பேசறீங்க?" என்று கோபித்துக் கொள்கிறார்கள். ஆகவே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

பழைய ஃப்ளாப்பி ஞாபகம் இருக்கிறதா? 1.44 மெகாபைட். இன்றைக்கு உங்கள் போனில் எடுக்கிற ஒரு போட்டோவைக்கூட அது முழுதாக வாங்கிக்கொள்ளாது. பிறகு சி.டி. வந்தது, டி.வி.டி. வந்தது. "நூறு வருஷம் இருக்கும்" என்று விற்றார்கள். நாம் வீட்டில் எழுதுகிற சி.டி.யில் இருப்பது ஒரு சாயம். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுத்தான் எழுதுகிறது. வெளிச்சம், வெக்கை இரண்டும் சாயத்துக்கு ஆகாது என்பது சாயப் பட்டறைக்கே போகாதவனுக்கும் தெரியும். சித்திரை மாதம் நம் பக்கத்து ஓட்டு வீட்டில் அலமாரிக்குள் கை விட்டுப் பாருங்கள், நூறு வருஷம் எங்கே போயிற்று என்று புரியும். சரி, டிஸ்க் நன்றாகவே இருக்கிறது என்று வையுங்கள். அதைப் போட்டுப் பார்க்க டிரைவ்? இப்போது வருகிற லேப்டாப் பலவற்றில் அந்தப் பொந்தே இல்லை.

பென் டிரைவ் என்பது ஃபைலை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகிற சமாசாரம். மஞ்சள் பை மாதிரி. மஞ்சள் பையில் நகையை வைத்துவிட்டு பத்து வருஷம் யாரும் நிம்மதியாக இருப்பதில்லை. உள்ளே சின்னச் சின்ன அறைகளில் மின்சாரத்தை அடைத்து வைத்துத்தான் அது ஞாபகம் வைத்துக்கொள்கிறது. வருஷக்கணக்கில் சொருகாமல் போட்டு வைத்தால், அதுவும் வெக்கையான இடத்தில், அடைத்து வைத்தது கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துவிடக்கூடும். எஸ்.எஸ்.டி. என்கிறார்களே, அதுவும் இதே ஜாதிதான். நல்ல வேகம், கீழே விழுந்தாலும் சட்டென்று ஒன்றும் ஆகாது. தினமும் வேலை பார்க்க அதைவிட உத்தமம் கிடையாது. ஆனால் எழுதிப் பரணில் போட்டுவிட்டு மறந்துபோவதற்கு அது இல்லை. தவிர, போகும்போது சொல்லிக்கொள்ளாமல் போகும். நேற்று இருந்தது, இன்று கம்ப்யூட்டர் அதை அடையாளமே தெரியாது என்கிறது.

இதில் இன்னொரு கூத்து உண்டு. 2 டெராபைட் பென் டிரைவ் முந்நூறு ரூபாய் என்று விளம்பரம் வரும். வாங்கிச் சொருகினால் நிஜமாகவே 2 டெராபைட் என்று காட்டும். உள்ளே இருப்பது 16 ஜி.பி.யோ 32 ஜி.பி.யோ! பெரிய பெட்டி மாதிரி பேசும்படி உள்ளே இருக்கிற சின்னச் சில்லுக்குச் சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். இடம் தீர்ந்ததும் புதிதாக வருகிறதைப் பழையதன் மேலேயே எழுதும், அல்லது எழுதின மாதிரி பாவனை செய்யும். ஃபைல் பெயரெல்லாம் வரிசையாகத் தெரியும். திறந்தால் ஒன்றும் இருக்காது. புதிதாக எது வாங்கினாலும் முதல் வேலையாகக் கழுத்து வரை நிரப்பி, கடைசியில் போட்ட பத்து ஃபைலைத் திறந்து பார்த்துவிடுங்கள். கடைக்காரர் முகம் மறப்பதற்குள் செய்வது நல்லது.

மிச்சம் ஹார்ட் டிஸ்க். உள்ளே ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 தடவையோ 7,200 தடவையோ சுற்றுகிறது. அதன் மேல், தட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் ஒரு முள் பறக்கிறது. தலைமுடியின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி. இந்த லட்சணத்தில் இருக்கிற வஸ்துவை நாம் பேக்கில் போட்டு, பேக்கை மடியில் வைத்து, திண்டுக்கல் பஸ்ஸில் கடைசி ஸீட்டில் உட்காருகிறோம்! ஓடுகிறபோது தட்டிவிட்டால்தான் அதற்கு ஆபத்து ஜாஸ்தி. அணைத்திருக்கும்போது முள்ளை ஓரமாக நிறுத்திக்கொள்கிறது, கொஞ்சம் தாங்கும்.

ஆனாலும் காசுக்கு இடம் என்று கணக்குப் பார்த்தால் இன்றைக்கும் ஹார்ட் டிஸ்க்தான் நடுத்தர வர்க்கத்துக்குக் கட்டுப்படியாகிற சரக்கு. பேக்ப்ளேஸ் என்று அமெரிக்காவில் ஒரு கம்பெனி. அடுத்தவர்களுடைய பேக்கப்பை வாங்கி வைத்திருப்பதே அவர்கள் தொழில். லட்சக்கணக்கான டிஸ்க்குகளை ஓடவிட்டு, எந்த மாடல் எத்தனை செத்தது என்று 2013-லிருந்து கணக்கு வெளியிடுகிறார்கள். 2024-ஆம் வருஷத்தில் செத்த விகிதம் 1.57 சதவீதம். அதாவது நூற்றுக்கு ஒன்றரை. அதுவும் ஏ.ஸி. அறையில், ஒழுங்கான கரண்டில் ஓடுகிறவை. நம் வீட்டு டிஸ்க் இந்த அளவுக்குச் சொகுசாக வளர்வதில்லை. கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டுதான். ஆனால் ஒரே கம்பெனியிலேயே ஒரு மாடல் தங்கம், அடுத்த மாடல் தகரம். நீங்கள் கடைக்குப் போகிற நேரத்தில் அந்தத் தங்கம் விற்பனையில் இருக்காது. இதற்காக ராத்திரி கண் விழித்து விலைப்பட்டியல் படிப்பது வீண் என்பது என் அபிப்பிராயம்.

அதைவிட ஒரு எளிய பெருக்கல் கணக்கு இருக்கிறது. ஒரு டிஸ்க் இந்த வருஷம் சாக நூற்றுக்கு ஒன்றரை வாய்ப்பு. இரண்டு டிஸ்க்கில் ஒரே ஃபைல் இருந்தால், இரண்டும் இதே வருஷத்தில் சாக? பத்தாயிரத்தில் இரண்டு அல்லது மூன்று. அதாவது ரொம்பப் பிரமாதமான டிஸ்க் ஒன்றைத் தேடி வாங்குவதைவிட, சுமாரான டிஸ்க் இரண்டு வாங்குவது எவ்வளவோ மேல்.

ஆனால் இந்தப் பெருக்கல் செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. ஒன்றின் சாவுக்கும் மற்றதன் சாவுக்கும் சம்பந்தம் இருக்கக்கூடாது. இரண்டு டிஸ்க்கையும் ஒரே பேக்கில் போட்டு, பேக்கை பஸ்ஸில் மறந்து இறங்கினால் பெருக்கலும் பஸ்ஸோடு போய்விடும். ஒரே பிளக்கில் சொருகி வைத்திருந்தால் ஒரு இடி போதும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் தண்ணீர் கீழ்த்தளத்துக்குள் வந்தபோது, இது ஒரிஜினல், இது காப்பி என்று பிரித்துப் பார்த்தா வந்தது?

இது தெரியாமல் நடப்பதில் முதல் இடம், சந்தேகமே இல்லாமல், நம் கணக்கு எழுதுகிறவர்களுக்குத்தான். "பேக்கப் எடுக்கிறீங்களா?" என்று கேளுங்கள். "டெய்லி எடுக்கறோம் ஸார். 'சி'யிலேர்ந்து 'டி'க்கு" என்பார்கள். முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்! 'சி'யும் 'டி'யும் பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் ஒரே டிஸ்க்கை நடுவில் கோடு போட்டுப் பிரித்ததுதான். ஒரே வீட்டில் ஹால், சமையலறை மாதிரி. வீடு தீப்பிடித்தால் சமையலறைக்குள் ஓடி ஒளிந்துகொள்ள முடியுமா?

சிரிக்கிற விஷயம் இல்லை இது. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கை, வருஷாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கெடுவிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். கம்பெனி என்றால் எட்டு வருஷம். 2022 ஆகஸ்டில் கம்பெனி விதிகளைத் திருத்தி, எலெக்ட்ரானிக் கணக்குகளின் பேக்கப்பைத் தினமும் எடுத்து, இந்தியாவுக்குள் இருக்கிற சர்வரில் வைக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். கேட்கிற அதிகாரியிடம் "டிஸ்க் டக் டக் என்றது ஸார்" என்றால் விட்டுவிடமாட்டார். (2011-லிருந்து மார்ச் 31-ஆம் தேதியை உலக பேக்கப் தினமாகக் கொண்டாடுகிறார்களாம். கணக்கு முடிக்கிற தினத்தன்று இந்தியாவில் எந்த கிளார்க் எதைக் கொண்டாடுவான்? நாள் குறித்தவர் பி.காம். படித்திருக்க மாட்டார்.)

இனி ஸ்டூடியோ விஷயம்.

நத்தத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, மாசித் திருவிழாவில் மாரியம்மன் கோயில் கழுமரம் ஏறுகிறது, பூக்குழி எல்லாம் எடுப்பான். போன வருஷம் ஒரு சாயங்காலம் நான் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மில்லில் வேலை பார்க்கிறவர் ஒருத்தர் வந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையிலிருந்து ஒரு டி.வி.டி.யை எடுத்து வைத்தார். கவரில் ரோஜாப்பூ, தங்கக் கலரில் மாப்பிள்ளை, பொண்ணு பெயர். தேதி 2011.

"தம்பி, இது எங்க வீட்ல ஓட மாட்டேங்குது. நீங்கதான் எடுத்தீங்க. இதுலேர்ந்து அவ போட்டோ ஒண்ணு பெருசு பண்ணித் தரணும்."

எதற்கு என்று அவர் சொல்லவில்லை. பதினாறாம் நாள் முடியவில்லை என்பது தாடியிலேயே தெரிந்தது.

தம்பி போட்டுப் பார்த்தான். டிரைவ் கிர்ரென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. மூன்று கம்ப்யூட்டரில் போட்டாயிற்று. படிக்கவில்லை. அவனிடம் 2011 வேலையெல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்திருக்கிறது. அந்த டிஸ்க் எப்போதோ போய்விட்டது. மேஜைக்கு அடியிலிருந்து ஒரு டப்பா நிறைய டி.வி.டி.க்களைக் கொட்டித் தேடினான். அவர் கல்யாணத்து டிஸ்க் கிடைத்தது. பாதி படித்தது. வரவேற்பில் மொய் எழுதுகிறவர்கள், பந்தியில் சாப்பிடுகிறவர்கள், மாப்பிள்ளை ஷூவோடு மல்லுக்கட்டுவது எல்லாம் வந்தது. பொண்ணு வருகிற இடத்தில் நின்றுவிட்டது.

தம்பிக்கு வேர்த்துவிட்டது. "அண்ணே, ஆல்பம் போட்டுக் கொடுத்தோமே, அது எங்க?" என்றான் அவரிடம்.

"அது மழைல நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிருச்சு. பிரிச்சா முகமே உரிஞ்சு வருது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தம்பிதான் கேட்டான். "பொண்ணு வீட்டுக்கு ஒரு செட்டு கொடுத்திருப்பமே?"

அவர் நிமிர்ந்தார். ரெண்டு செட் ஆல்பம்! மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பொண்ணு வீட்டுக்கு ஒன்று. கல்யாண ஆர்டர் பேசும்போதே அதையும் சேர்த்துத்தான் பேசுகிறார்கள். மாமனார் வீடு சிங்கம்புணரி பக்கம். மறுநாள் போய் எடுத்துவந்தார். பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே இருந்ததால் ஆல்பம் நேற்று எடுத்த மாதிரி இருந்தது. அதிலிருந்து ஸ்கேன் செய்து பெரிதாக்கிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

நான் இதில் கவனித்தது ஒன்று. அந்த இரண்டாவது ஆல்பத்தை யாரும் பேக்கப் என்று நினைத்துப் போடவில்லை. சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று போட்டதுதான். ஆனால் காப்பி இரண்டு, ஊர் இரண்டு, கூரை இரண்டு. ஒரு கூரை ஒழுகியபோது இன்னொன்று ஒழுகவில்லை. காகிதம் உசத்தியா, டி.வி.டி. உசத்தியா என்ற பேச்சே இங்கே இல்லை. ஒழுகின வீட்டில் இருந்ததும் அதே காகிதம்தான்.

யோசித்தால், தமிழ்நாட்டில் நாம் இன்றைக்குப் படிக்கிற பழைய புஸ்தகமெல்லாம் இப்படிப் பிழைத்ததுதான். பனை ஓலைக்கு நம் சீதோஷ்ணத்தில் ஆயுசு மிஞ்சிப்போனால் சில நூறு வருஷம். கரையான் விட்டால்! ஆகவே பழசு உதிர்வதற்கு முன் யாராவது உட்கார்ந்து புதிதாக எழுதிவைத்தார்கள். உ.வே.சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார், 1894-ல் புறநானூற்றை. ஒரு மடத்தில் கிடைத்த ஒற்றை ஏட்டை வைத்துக்கொண்டு அவர் அதைச் செய்யவில்லை. ஊர் ஊராக அலைந்து, அதே நூலின் பல பிரதிகளைத் தேடிப் பிடித்து, இதில் உதிர்ந்த வரியை அதில் பார்த்து ஒட்டவைத்தார். தென்பக்கத்துக் கோயில் ஒன்றில் இருந்த பழைய ஏடுகளையெல்லாம் நெருப்பில் போட்டுவிட்டதாக அங்கே சொன்னதையும் எழுதிவைத்திருக்கிறார். அங்கே மட்டுமே இருந்த நூல் எதுவோ, அது போனது போனதுதான்.

சினிமாவில் இந்த அதிர்ஷ்டம்கூட இல்லை. 1931-ல் டி.பி. ராஜலட்சுமி நடித்து வந்த 'காளிதாஸ்', தமிழில் முதல் பேசும் படம். ஒரு பிரிண்ட் கூட இன்றைக்கு இல்லை. பிரிண்ட் போட்டது தியேட்டரில் ஓட்டுவதற்கு. ஓட்டி முடிந்ததும் அதைப் பத்திரப்படுத்துவது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை.

நமக்குக் கிட்டத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. நத்தத்திலிருந்து கிழக்கே போனால் சிங்கம்புணரி, திருப்பத்தூர், காரைக்குடி. காரைக்குடியை ஒட்டிக் கோட்டையூர். அங்கே சைன் போர்டு எழுதுகிற ஓவியர் ரோஜா முத்தையா. பழைய தமிழ்ப் புஸ்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானபோது சுமார் ஒரு லட்சம் உருப்படி இருந்தது. நாமாக இருந்தால் எடைக்குப் போட்டிருப்போம். சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. வாங்கியும் கப்பலில் ஏற்றவில்லை. 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று அமைத்து, ஒரிஜினலை இங்கேயே வைத்து, பக்கம் பக்கமாக மைக்ரோபிலிமில் படம் எடுத்தார்கள்.

அப்போது கம்ப்யூட்டர் இல்லாமலா? இருந்தது. ஆனாலும் பிலிம். நல்ல பிலிமைக் குளிர்ச்சியாக, ஈரமில்லாமல் வைத்தால் நூற்றாண்டுக் கணக்கில் இருக்கும். அதைவிட முக்கியம், படிக்க ஒரு விளக்கும் லென்ஸும் போதும். எந்த விண்டோஸ், எந்த வெர்ஷன் என்று கேட்காது. 1994-ல் ஃப்ளாப்பியில் போட்டிருந்தால் இன்றைக்கு யார் வீட்டில் போய்ப் படிப்பது?

இதற்கு நேர் எதிராக ஒரு கதை. 2025 செப்டம்பர் 26. தென் கொரியாவில் டேஜான் நகரத்தில் அரசாங்கத்தின் டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தது. எழுநூற்றுச் சொச்சம் அரசாங்க சேவைகள் நின்றன. பெரும்பாலானவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் அரசு ஊழியர்கள் தங்கள் வேலை ஃபைல்களைப் போட்டு வைக்கிற ஜி-டிரைவ் என்று ஒன்று இருந்தது. 858 டெராபைட். கடையில் விற்கிற ஒரு டெராபைட் டிஸ்க்கை 858 எண்ணிக்கை அடுக்கினால் வருகிற சரக்கு. எல்லாம் போயிற்று. ஏன் காப்பி இல்லை? ரொம்பப் பெரிதாக இருந்ததால் வெளியே பேக்கப் எடுக்க முடியவில்லை என்றார்கள்! நம் ஆட்கள் "இடம் பத்தலைண்ணே" என்பதும் கொரிய அரசாங்கம் சொன்னதும் ஒன்றேதான். என்ன, அவர்கள் டெராபைட்டில் சொன்னார்கள்.

"அப்ப கிளவுட்ல போட்டுட்டா முடிஞ்சுதுல்ல ஸார்?" என்று ஒரு பேங்க் நண்பர் கேட்டார். கிளவுட் என்பது வேறொருத்தருடைய கம்ப்யூட்டர். நம் வீட்டு டிஸ்க்கைவிட நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள், மறுக்கவில்லை. வெளியூர்க் காப்பியாக அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தானாகவே ஒத்துப்போகிற மாதிரி 'ஸிங்க்' வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதில் ஒரு விவகாரம் இருக்கிறது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். உங்கள் பையன் போனில் ஒரு ஃபோல்டரைத் தட்டிவிட்டால் அது அமெரிக்கா வரை தட்டிவிடும். குப்பைத்தொட்டியில் முப்பது நாள் கிடக்கும், அதற்குள் கவனித்தால் பிழைத்தது. மேலும் கூகுள் கணக்கை இரண்டு வருஷம் தொடாமல் விட்டால் அழிக்கலாம் என்பது அவர்கள் விதி. இலவசம் 15 ஜி.பி. நிரம்பினால் மாதாமாதம் வாடகை. நீங்கள் கட்டுவீர்கள். உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் கட்டுவார்கள், பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும், ஓ.டி.பி. எந்த போனுக்கு வரும்? கல்யாணம் ஆனவர்கள் இந்தக் கேள்வியை இன்று ராத்திரியே யோசிக்கவும்.

சதா சொருகியே வைத்திருக்கிற டிஸ்க்குக்கும் இதே ஆபத்து. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்று ஒரு வைரஸ் உலகம் பூராவும் சுற்றியது. ஃபைலையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. கம்ப்யூட்டரோடு ஒட்டிக்கொண்டிருந்த டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டியது. கழற்றி பீரோவில் வைத்திருந்தவன் சிரித்தான்.

அமெரிக்காவில் பீட்டர் க்ரோக் என்ற போட்டோகிராபர் 2000-களில் ஒரு கணக்குச் சொன்னார். மூன்று, இரண்டு, ஒன்று. ஃபைல் மூன்று இடத்தில் இருக்கட்டும், இரண்டு வகைப் பொருளில் இருக்கட்டும், ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும். சொன்னவர் கம்ப்யூட்டர் பேராசிரியர் இல்லை, நம் ஸ்டூடியோ தம்பி மாதிரி கல்யாண சீஸனில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருக்கிற ஜாதி. அதனால்தான் அது நடைமுறைக்கு ஒத்துவருகிறது. நம் கணக்கில் சொன்னால், வேலை பார்க்கிற கம்ப்யூட்டரில் ஒன்று. மாதம் இரண்டு தடவை சொருகி, காப்பி எடுத்து, கழற்றி பீரோவில் வைக்கிற ஹார்ட் டிஸ்க் ஒன்று. மூன்றாவது கிளவுடிலோ, அல்லது மாமனார் வீட்டிலோ. இன்டர்நெட் ஊர்கிற இடத்தில் 300 ஜி.பி.யை மேலே ஏற்றுவதற்குள் தை பிறந்துவிடும். அதைவிட மாமனார் வீடு வேகம். இரண்டு டிஸ்க் வாங்கி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றி மாற்றி வைக்கலாம். இரண்டையும் ஒரே நாளில் ஒரே மாடலில் வாங்காதீர்கள். ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கு ஒரே வியாதி வர வாய்ப்பு உண்டு. ஐந்து வருஷம் ஆனதும், ஓடினாலும் ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் காப்பி எடுக்க வேண்டும் என்று கிளம்பினால் எதையும் எடுக்கமாட்டீர்கள். டவுன்லோடு செய்த சினிமா போனால் மறுபடி வரும். மறுபடி வராதது எது என்று பாருங்கள். கணக்கு, சர்ட்டிபிகேட், வீட்டு மனிதர்கள் முகம், அப்பா போனில் பேசி அனுப்பின குரல். பெரும்பாலானவர்களுக்கு இது 50 ஜி.பி.கூட வராது. இவற்றில் ஒரு இருபது முப்பது முகத்தை மட்டும் நல்ல காகிதத்தில் பிரிண்ட் போட்டு வைப்பதும் எனக்குப் பிடித்த வழி. காகிதத்துக்குச் சார்ஜர் வேண்டாம்.

எடுத்தாயிற்று. முடிந்ததா? 1998-ல் பிக்ஸார் கம்பெனி 'டாய் ஸ்டோரி' இரண்டாம் பாகம் எடுத்துக்கொண்டிருந்தது. யாரோ கம்ப்யூட்டரில் ஒரு கட்டளை தட்ட, கண் முன்னால் பொம்மைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அதனால் என்ன, பேக்கப் இருக்கிறதே என்று எடுத்தார்கள். பேக்கப் ஒழுங்காகப் பதிவாகாமல் இருந்தது அப்போதுதான் தெரிந்தது. அதற்கு முன் யாரும் திறந்து பார்க்கவில்லை. கேலின் சுஸ்மன் என்ற பெண்மணி, கைக்குழந்தை இருந்ததால், வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒரு காப்பி வைத்திருந்தார். வீட்டுக்கு ஓடி, அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தார்கள். பெரிய ஆபீஸின் பேக்கப் கைவிட்டது, பிள்ளை பெற்ற வீட்டின் காப்பி காப்பாற்றியது.

எங்கள் பாஷையில் இதற்கு டிரையல் பேலன்ஸ் என்று பெயர். எழுதினால் மட்டும் போதாது, கூட்டிப் பார்க்கவேண்டும். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பேக்கப் டிஸ்க்கை எடுங்கள். அதை உங்கள் கம்ப்யூட்டரில் சொருகாமல், மச்சான் கம்ப்யூட்டரிலோ பக்கத்து வீட்டிலோ சொருகுங்கள். இருப்பதிலேயே பழைய ஃபோல்டருக்குள் போய், கண்ணை மூடிக்கொண்டு ஒரு போட்டோ, ஒரு கணக்கு ஃபைல், ஒரு வீடியோ திறங்கள். வீடியோவைக் கடைசி வரை ஓட்டுங்கள். மூன்றும் திறந்தால் டிஸ்க் மேல் ஒரு துண்டுக் காகிதத்தில் அன்றைய தேதியை எழுதி ஒட்டி, பீரோவில் வைத்துவிடுங்கள். திறக்கவில்லையென்றாலும் மோசமில்லை. ஒரிஜினல் இன்னும் உங்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து வருகிற வழியில் புது டிஸ்க் ஒன்று வாங்கி வாருங்கள்.